எச்.எம். சாருக்குப் பிறகு: ஒரு கல்வி உதவி அறக்கட்டளையில் தலைமை மாறிய விதம்

சென்னை மேற்கு மாம்பலத்தில் இயங்கும் ஒரு சிறிய கல்வி உதவி அறக்கட்டளையில் 2022-இல் தொடங்கி 2025 வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் அதன் அறங்காவலர்களில் ஒருவன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 2014-இல் சேர்ந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு பெரியவரைச் சுற்றி நடக்கும் டிரஸ்ட்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது எங்களுக்கு நேர்ந்த சேதம் இல்லாமல் இதைக் கடந்து போக வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி

நிறுவனர் மாநகராட்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் எச்.எம். சார். 2001-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே பணிக்கொடையில் ஒரு பகுதியைப் போட்டு டிரஸ்டைப் பதிவு செய்தார். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவது, அவ்வளவுதான் நோக்கம். முதல் ஆண்டில் நான்கு பேர். 2022-இல் 58 பேர், ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் ரூபாய். பெரிய கம்பெனிப் பணம் எதுவும் இல்லை. மாதம் 200, 500, 1,000 என்று சந்தா கொடுக்கும் 140 பேர், கொஞ்சம் வைப்புத்தொகை வட்டி. சந்தாதாரர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

அறங்காவலர்கள் ஏழு பேர். எச்.எம். சார்தான் நிர்வாக அறங்காவலர். அவருடைய பழைய நண்பர்கள் மூவர், மூவருமே எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர் பள்ளியிலேயே வேலை பார்த்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். செயலாளர் என்று பெயர், உண்மையில் எழுத்து வேலை முழுவதும் அவர் தலையில். அவரை டீச்சர் என்போம். அப்புறம் நான். ஏழாவது ஆள், எங்களிடமே உதவி பெற்றுப் படித்து, இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் இளைஞர். 2019-இல் சேர்த்தோம். எல்லோருக்கும் அவர் தம்பி.

2002-ஆம் ஆண்டுப் பத்திரம் மூன்றே பக்கம். நிறுவனர் வாழ்நாள் முழுக்க நிர்வாக அறங்காவலராக இருப்பார். அவருக்குப் பின் அவர் எழுத்து மூலம் நியமிப்பவர் வருவார். நியமிக்காமல் காலமானாலோ விலகினாலோ மற்றவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகம் பற்றிய பிரிவுகளை நிறுவனர் சம்மதத்தோடு மூன்றில் இரண்டு பங்கு அறங்காவலர்கள் திருத்தலாம். வங்கிக் கணக்கில் செக் செல்ல இரண்டு கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று கட்டாயம் எச்.எம். சாருடையது.

இதெல்லாம் வாசிக்கும்போது குறையில்லாமல்தான் தெரியும். எங்களுக்கும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் தெரிந்தது.

முன்பே தெரிந்தும் விட்டவை

2018 ஆண்டுக் கூட்டத்தில் நான் ஒரு பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தேன்: 'எதிர்கால ஏற்பாடு'. அதை வாசித்ததுமே நண்பர்களில் ஒருவர் குறுக்கிட்டார். “அவர் நூறு வயசு இருப்பார். நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்கு?” எச்.எம். சார் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை, நானும் மேலே பேசவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் 'விவாதிக்கப்பட்டது' என்று ஒரே சொல்.

2021-இல் இன்னொரு வாய்ப்பு வந்தது. வருமான வரிச் சட்டத்தில் பழைய பதிவுகள் எல்லாம் போய், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விண்ணப்பமான படிவம் 10ஏ போடும்போது ஆடிட்டர் கேட்டார்: “போர்ட்டலில் அவர் போன் நம்பர்தான் இருக்கு. அவருக்கு முடியாமப் போனா ஓடிபி யாருக்கு வரும்?” இப்போதைக்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். முப்பது ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கணக்கு வைத்திருந்தவர் படுத்துவிட, குடும்பம் கவுன்ட்டருக்கு வெளியே நின்று தவிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

மூன்றாவது அறிகுறியை அப்போது அறிகுறி என்றே யாரும் நினைக்கவில்லை. தம்பி அறங்காவலரான பிறகும், கூட்டம் தொடங்கினால் எழுந்து போய் டீ வாங்கி வருவது அவர்தான். எச்.எம். சார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். இரண்டரை ஆண்டுகளில் ஒரு தீர்மானத்தின் மீதுகூட அவர் கருத்துச் சொன்னதாக மினிட்ஸில் இல்லை. ஒருமுறை தனியாகக் கேட்டபோது சொன்னார்: “சார், என் முதல் செமஸ்டர் ஃபீஸை அவர் கையால வாங்கிக்கிட்டுப் போனவன் நான். அவர் எதிர்ல வேற மாதிரி எப்படிப் பேசுறது?” உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த நன்றி நல்லது. ஆனால் ஒரு கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அமர்த்தப்பட்டவருக்கு அதுவே வாயைக் கட்டிவிடுகிறது. முன்னாள் மாணவரைக் குழுவில் சேர்த்ததோடு அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்று நாங்கள் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

2022 ஜூலை

அந்த ஆண்டு பிளஸ் டூ முடிவு ஜூன் 20-இல் வந்தது. ஜூலை இரண்டாம் வாரம் எங்களுக்கு எப்போதுமே நெருக்கடியான நேரம். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ஃபீஸ் கெடு ஒரு பக்கம், கலைக் கல்லூரிச் சேர்க்கை இன்னொரு பக்கம். அந்த வாரத்தில்தான் எச்.எம். சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. முதல் மூன்று வாரம் ஆள் அடையாளம் தெரிகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. அவருக்கு அப்போது 79 வயது.

மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு பத்திரத்தை மறுபடி வாசித்தோம். காலமானால் என்று எழுதியிருக்கிறது. விலகினால் என்று எழுதியிருக்கிறது. உயிரோடு இருந்து, விலகவும் முடியாத நிலை என்றால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. மற்ற ஆறு பேரும் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பத்திரம் எங்களுக்கு அதிகாரம் தரவில்லை. கணக்கில் பணம் இருந்தது. 58 பேரின் ஃபீஸுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் வந்த யோசனை, வீட்டார் நல்லெண்ணத்தில் சொன்னது. அவர் போன் மகளிடம் இருந்தது. நெட் பேங்கிங்கில் அவர் அனுமதியாக வரும் ஓடிபியை மகள் வாங்கிக் கொடுத்துவிட்டால் பணம் போய்விடும். இன்னொரு நண்பர், இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கலாம் என்றார். நான் இரண்டையும் மறுத்தேன். கோபப்பட்டார்கள். பிள்ளைகள் படிப்பை விடச் சட்டம் பெரிதா என்று கேட்டார்கள். நினைவு தெளிவில்லாத ஒருவர் பெயரில் அனுமதி கொடுப்பது அவர் அனுமதி இல்லை. நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் அவருடைய இருபது ஆண்டுப் பெயர்தான் கெடும் என்று சொன்னேன். டீச்சர் என் பக்கம் நின்றார். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு மாற்றம் இல்லை.

அதற்குப் பதில் இரண்டு காரியம் செய்தோம். கல்லூரி ஒவ்வொன்றுக்கும் டீச்சர் கையெழுத்தில் ஒரு கடிதம்: நிலைமை இது, எட்டு வாரம் அவகாசம் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொள்ளாத இடங்களில், தெரிந்த சந்தாதாரர்களைக் கூப்பிட்டு மாணவர் பெயரில் கல்லூரிக் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொன்னோம். அது டிரஸ்டுக்கு வந்த நன்கொடை ஆகாது, வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தர முடியாது என்பதை முன்பே சொல்லிவிட்டோம். 19 பேர் பரவாயில்லை என்று கட்டினார்கள்.

தப்பு நடந்தது வேறு இடத்தில். மாணவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கல்லூரியிடம் பேசினோம், நன்கொடையாளரிடம் பேசினோம், பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு நர்சிங் மாணவியின் அம்மா, ஜூலை மாதம் டிரஸ்டுக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறார். அந்த எண் எச்.எம். சாருடையது. யாரும் எடுக்காததால் 20,000 ரூபாய் தண்டல் கடன் வாங்கி ஹாஸ்டல் கட்டணம் கட்டிவிட்டார். நவம்பரில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் வட்டியாகவே அவர் கட்டியது எங்களைத் தூங்கவிடாத தொகை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. நாளைக்குள் ஃபீஸ் கட்ட வேண்டிய தாய்க்கு அது தெரிந்து என்ன பயன்? தீர்மானம் போட்டு அந்தக் கடனை அடைத்தோம். இன்னொரு மாணவர் காத்திருந்து பார்த்து, கிடைத்த பி.காம். இடத்தை விட்டுவிட்டு டெலிவரி வேலைக்குப் போய்விட்டார். எவ்வளவோ பேசியும் அவர் திரும்பவில்லை.

சட்ட ஆலோசனை

ஆகஸ்டில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். பெங்களூரில் இருக்கும் மகன், அப்பாவிடம் பவர் பத்திரம் வாங்கித் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வழக்கறிஞர் அதை உடனே ஒதுக்கினார். புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் பவர் கொடுக்க முடியாது. அறங்காவலர் பொறுப்பு சொந்தச் சொத்தும் இல்லை, பவரில் எழுதிக் கொடுப்பதற்கு.

அடுத்த வழி நீதிமன்றம். பொது அறக்கட்டளையில் அறங்காவலரை நியமிக்கவும் நிர்வாகத் திட்டம் வகுக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, தாக்கல் செய்ய வேண்டும். எவ்வளவு நாளாகும் என்று கேட்டோம். அவர் நேரடியாகப் பதில் சொல்லாமல் பச்சையப்ப முதலியாரைப் பற்றிச் சொன்னார். தருமத்துக்கென்று உயில் எழுதி வைத்து 1794-இல் மறைந்தார் அவர். அந்தப் பணம் தகராறிலும் வழக்கிலும் சிக்கி, அதிலிருந்து பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். 48 ஆண்டுகள். காலம் வேறு, சட்டம் வேறு என்றாலும், கொடுத்தவர் மனசு எவ்வளவு பெரிதானாலும் அடுத்தவர் யார் என்பது சிக்கலானால் பிள்ளைகள்தான் காத்திருக்கிறார்கள் என்றார்.

செப்டம்பரில் நல்லது நடந்தது. எச்.எம். சாருக்கு நினைவு முழுதாகத் திரும்பியது. பேச்சு திக்கித் திக்கி வந்தது. வழக்கறிஞர் சொன்ன மூன்றாவது வழி திறந்தது: அவரே விலகி, அவர் சம்மதத்தோடு பத்திரத்தைத் திருத்துவது. அதற்கு முன் யார் என்று முடிவாக வேண்டும்.

மூவரிடம் சொன்ன மூன்று வார்த்தை

அக்டோபர் முதல் ஞாயிறு, அவர் வீட்டு முன்னறையில் கூடினோம். மகனும் வந்திருந்தார். பேசப் பேச ஒரு விஷயம் வெளியே வந்தது. மகனிடம் எச்.எம். சார் பலமுறை “எனக்கப்புறம் நீதான் பாத்துக்கணும்” என்று சொல்லியிருக்கிறார். டீச்சரிடம், “உங்களை விட்டா யாரும்மா இருக்கா?” தம்பியிடம், “அடுத்து நீங்கதான்டா நடத்தணும்”. மூன்று பேரும் அதை நியமனமாகவே எடுத்துக்கொண்டு, மற்றவரிடம் சொல்வது நாகரிகமில்லை என்று ஆண்டுக்கணக்கில் மனதில் வைத்திருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. மகனிடம் அவர் சொன்னது பெயரைக் காப்பாற்று என்று. டீச்சரிடம் சொன்னது வேலையைப் பற்றி. தம்பியிடம் சொன்னது பிள்ளைகளைப் பற்றி. ஒரே மனிதர் மூன்றையும் செய்துகொண்டிருந்ததால், அவை மூன்றும் தனித்தனி என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று அவர் தன் மேசை டிராயரைக் காட்டி எதையோ எடுக்கச் சொன்னார். நான்காக மடித்த ஒரு தாள். 2018 கூட்டத்துக்கு அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தது. டிரஸ்டில் தான் செய்யும் வேலைகளின் பட்டியல், பக்கத்தில் யார் செய்யலாம் என்று பென்சிலில் பெயர்கள், பல இடத்தில் கேள்விக்குறி. சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “கேப்பீங்கன்னு இருந்தேன். நானே சொன்னா… உங்களை விரட்டுற மாதிரி ஆயிடுமோன்னு…” மரியாதை என்று நினைத்து நாங்கள் பேசாமல் இருந்தோம், எங்கள் மரியாதையைக் காப்பாற்ற அவரும் பேசாமல் இருந்துவிட்டார். இந்த ஆய்வில் மற்ற எதை விடவும் இதைத்தான் முக்கியமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். பெரியவர்கள் இந்தப் பேச்சை விரும்பமாட்டார்கள் என்பது நாம் அவர்களைக் கேட்காமலே எடுத்த முடிவு.

வேலையைப் பிரித்தது

அந்தத் தாள் எங்களுக்கு வழி காட்டியது. ஆளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினோம். நான்கு ஞாயிறு உட்கார்ந்து, அவர் செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதினோம். டீச்சரின் நோட்டுகள், மகளுக்குத் தெரிந்தது, பழைய மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. செக்கில் கையெழுத்து, ஆடிட்டர், வங்கி என்பதெல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராதவைதான் நிறைய. மாதத்தின் முதல் ஞாயிறு மாணவர்களின் அம்மாக்களுக்குப் போன். விண்ணப்பித்தவர் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு நடை. எந்தக் கல்லூரி ஆபீஸில் எந்த கிளார்க்கிடம் பேசினால் அவகாசம் கிடைக்கும் என்பது. பஸ்ஸுக்கு, பரீட்சை கட்டணத்துக்கு என்று தன் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அது எந்தக் கணக்கிலும் இல்லை, ஆண்டுக்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை.

தேர்வு முறையும் அவர் தலைக்குள்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தபோது, அது சூழ்நிலையோடு மாறவில்லை என்பதும் தெரிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குப் பொறியியல் படிப்பில் அரசு தரும் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்து, அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆக, எங்கள் பணம் அதிகம் தேவைப்படுவது சுயநிதிக் கலைக் கல்லூரி, நர்சிங், பாலிடெக்னிக், உதவி பெறும் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பக்கம் நகர்ந்திருந்தது. நாங்கள் இன்னும் இன்ஜினியரிங் ஃபீஸையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பட்டியல் முடிந்ததும் பொறுப்பை மூன்றாகப் பிரித்தோம். கையெழுத்தும் சட்டப் பொறுப்பும் நிர்வாக அறங்காவலருக்கு, மூன்று ஆண்டு, அதிகபட்சம் இரண்டு தவணை. மாணவர் தேர்வு தனிக் குழுவுக்கு. கணக்கு பொருளாளருக்கு. டீச்சர் நிர்வாக அறங்காவலர் ஆனார். லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “நான் ஒத்தாசைக்கு வந்தவ. தலைமை எல்லாம் எனக்கெதுக்கு?” என்றார். பதினைந்து ஆண்டு வேலையை ஒத்தாசை என்று அவர் நினைக்கும்படி நாங்கள்தான் வைத்திருந்தோம். மூன்று ஆண்டுதான், நடுவில் அடுத்தவரைப் பழக்கலாம் என்று கெடு சொன்ன பிறகே சம்மதித்தார். தேர்வுக் குழுவுக்குத் தம்பி. தன் தெருவிலிருந்தோ உறவிலிருந்தோ விண்ணப்பம் வந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும் என்று விதி.

மகன் விஷயம் கஷ்டமாக இருந்தது. குடும்பத்துக்கு நிரந்தரமாக ஓர் இடம் கேட்டார். அப்பாவின் உழைப்பு அந்நியர் கைக்குப் போகிறதே என்ற வலி அவருக்கு, அதில் தப்பில்லை. ஆனால் பதவி வாரிசுக்கு என்று பத்திரத்தில் எழுதினால் சந்தா கொடுக்கும் 140 பேரின் பணத்தைக் குடும்பச் சொத்து மாதிரி ஆக்குகிறோம். நிரந்தர இடம் தர மறுத்தோம். மற்றவர்களைப் போல மூன்று ஆண்டுத் தவணையில் அறங்காவலராக வரலாம் என்றோம். இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. அப்புறம் வந்தார். நண்பர்களில் இருவர் வயதைச் சொல்லித் தாமாகவே விலகியதால் இடமும் இருந்தது.

பத்திரம் திருத்தியது

2022 டிசம்பரில் திருத்தப் பத்திரம் பதிவானது. எச்.எம். சாரால் சார்பதிவாளர் அலுவலகம் வர முடியாது. உடல் முடியாதவர்களின் இருப்பிடத்துக்கே பதிவு அலுவலர் வர 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பித்தோம், வந்தார்கள். புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று நரம்பியல் மருத்துவரின் சான்றிதழ் வாங்கி வைத்தோம். பத்திரத்தை டீச்சர் வரி வரியாக வாசித்தார். எச்.எம். சார் இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டு, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார். ஜூலையில் வேண்டாம் என்று சொன்ன அதே ரேகை. இப்போது வைத்தது அவர்.

புதிய பிரிவுகளில் முக்கியமானது ஒன்று: தொடர்ந்து 45 நாள் கடமையாற்ற முடியாவிட்டால், மருத்துவச் சான்றின் பேரில் மற்றவர்கள் தற்காலிக நிர்வாக அறங்காவலரை நியமிக்கலாம். வங்கியில் மூவரில் எந்த இருவரும் கையெழுத்திடலாம் என்று மாற்றினோம். நோக்கங்கள் பற்றிய பிரிவில் கை வைக்கவே இல்லை. வரித்துறைப் பதிவின் நிபந்தனைக்குப் பொருந்தாமல் நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்; அதோடு, அவர் எதற்காகத் தொடங்கினாரோ அதை மாற்ற எங்களுக்கு மனமும் இல்லை.

அடுத்து நடந்தவை

2023 ஜூலையில் எல்லாருக்கும் ஃபீஸ் கெடுவுக்கு முன்பே போயிற்று. டிரஸ்டுக்குத் தனி செல்போன் எண் வாங்கி, அது இருவரிடம் மாறி மாறி இருக்கிறது. கூட்டத்தில் வயதில் இளையவர் முதலில் கருத்துச் சொல்வது என்று ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். சின்ன ஏற்பாடுதான், ஆனால் தம்பி வாய் திறந்தது அதற்குப் பிறகுதான். டீயைக் கடைப் பையனிடம் சொல்லிவிடுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எச்.எம். சார் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து பீரோவின் கீழ் இரண்டு தட்டும் நனைந்தது. அந்த ஆண்டுக் கோடையில் இரண்டு முன்னாள் மாணவிகள் உட்கார்ந்து பழைய விண்ணப்பங்களையும் மினிட்ஸையும் ஸ்கேன் செய்திருந்தார்கள். ஒப்படைப்பு வேலையின் ஒரு பகுதியாகத்தான் அதைச் செய்தோம்; மழையை யாரும் நினைக்கவில்லை.

நஷ்டமும் உண்டு. சந்தா கொடுத்த 140 பேரில் 34 பேர் நின்றுவிட்டார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டபோது ஒருவர் சொன்னது: “நான் டிரஸ்டுக்குக் கொடுக்கலையே, சாருக்குத்தானே கொடுத்தேன்.” தலைமை மாறியதை நாங்கள் அவர்களுக்குச் சொன்னதே 2023 ஜனவரியில், அவர் படுத்து ஆறு மாதம் கழித்து. அதற்குள் அரைகுறையாகக் கேள்விப்பட்டு, டிரஸ்டே மூடிவிட்டது என்று சிலர் நினைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 11 பேர்.

உண்மையான சோதனை 2024 ஜூலையில் வந்தது. தேர்வுக் குழு ஒரு பெண்ணைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, ஃபீஸ் குறைவு, புதுமைப் பெண் பணமும் வரும். எழுதி வைத்த அளவுகோல்படி சரியான முடிவு. எச்.எம். சாருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். அப்பா குடி, பெண்ணின் பணம் வீட்டில் தங்காது, அவளுக்கு வேண்டியது ஹாஸ்டல் என்று சொல்லியனுப்பினார். அவர் சொல்லி இந்த டிரஸ்டில் நடக்காத காரியம் அதுவரை இல்லை. டீச்சர் நேரில் போய், குழு முடிவை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். வாசலில் செருப்பு போடும்போது கை நடுங்கியதாக என்னிடம் சொன்னார். இரண்டு வாரம் எச்.எம். சாரிடமிருந்து பேச்சில்லை. மூன்றாவது வாரம் மகள் மூலம் இடது கையால் எழுதிய ஒரு செக் வந்தது, 15,000 ரூபாய், பென்ஷன் கணக்கிலிருந்து. எந்த மாணவர் பெயரும் அதில் குறிப்பிடவில்லை. டிரஸ்ட் தொடங்கியதிலிருந்து அவர் பெயருக்கு நாங்கள் எழுதிய முதல் நன்கொடை ரசீது அது. அந்தப் பணம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த பையனுக்குப் போயிற்று.

மறுபடி செய்வதானால்

பத்திரத்தில் 'இயலாமை' பற்றிய பிரிவை முதல் நாளே எழுதுவேன். இன்று பத்திரம் வைத்திருக்கும் யாரும் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடலாம். வங்கியில் ஒருவர் கையெழுத்து கட்டாயம் என்ற நிபந்தனையை எடுத்துவிடுவேன். வரித்துறை போர்ட்டலிலும் வங்கியிலும் யாருடைய எண் இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பேன். அதை இப்போது ஏப்ரலில் செய்கிறோம்.

சிக்கல் வந்தால் முதல் போன் மாணவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில் செய்தோம். தண்டல் வாங்கிய அந்த அம்மாவும், பி.காம். இடத்தை விட்ட அந்தப் பையனும் எங்கள் கணக்கில் நிற்கிறார்கள்.

நன்கொடையாளர்களுக்கு அந்த வாரமே கடிதம் எழுதுவேன், நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருக்கமாட்டேன். அறங்காவலரானதும் முன்னாள் மாணவர் ஒருவருக்கு ஒரு முழு ஆண்டு ஏதாவது ஒரு முடிவைத் தனியாக எடுக்கும் பொறுப்பைக் கொடுப்பேன். சும்மா உட்கார வைத்தால் அவர் மாணவராகவே இருந்துவிடுகிறார்.

அளவுகோலை எழுதி வைத்தது சரிதான். ஆனால் எழுதும்போது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு நாங்கள் மதிப்பெண் வைக்கவில்லை, தாளில் தெரிவதற்கு மட்டுமே வைத்தோம். அந்தப் பெண் விஷயத்தில் குழு முடிவை மாற்றாதது சரி என்று நினைக்கிறேன். எச்.எம். சார் அவளைப் பற்றிச் சொன்னதும் சரி. 2025 முதல் அளவுகோலில் வீட்டுப் பார்வைக்கு இடம் கொடுத்திருக்கிறோம், இருவராகத்தான் போக வேண்டும் என்ற விதியோடு. மார்ச் மாதம் டீச்சரும் தம்பியும் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். ஜூன் மாதம் அவளுடைய ஹாஸ்டல் கட்டணத்துக்கான செக்கில் டீச்சரும் நானும் கையெழுத்துப் போட்டோம்.